‘நோய்! 2’: இரண்டாம் பக்கம் ஏமாற்று வேலையா?

நண்பர் கேட்டிருப்பது இது. ஜெர்மனியின் ‘நோய்!’ இசைக்குழு 1973-ல் வெளியிட்ட இரண்டாவது ஆல்பத்தை யாரோ பரிந்துரைக்க, கேட்டுப் பார்த்திருக்கிறார். முதல் பாதி, அதாவது இசைத்தட்டின் முதல் பக்கம், அருமை. இரண்டாம் பாதியில் ஒரே பாட்டு ஒருமுறை எலி கீச்சிடுவது போலவும், இன்னொரு முறை யானை நடப்பது போலவும் வருகிறது. முதலில் தன் போனில்தான் கோளாறு என்று நினைத்திருக்கிறார். பிறகு தேடிப் படித்தபோது, பணம் தீர்ந்துபோனதால் பழைய சிங்கிளையே (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறிய தட்டு) வேகம் மாற்றிப் போட்டு ஆல்பத்தை நிரப்பினார்கள் என்று தெரிந்திருக்கிறது. “இதைப் போய் மேதைமை என்கிறார்களே, இது ஏமாற்று வேலை இல்லையா? யூடியூபில் 1.75 வேகத்தில் ஓடவிட்டால் நானும் இதைச் செய்துவிடுவேனே?” என்று கேட்கிறார். வாங்குவதானால் எதை வாங்குவது என்றும் கேட்டிருக்கிறார்.

மேலோட்டமாக இது அந்த ஆல்பத்தைப் பற்றிய கேள்விதான். ஆனால் அவர் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. வேறு வழியில்லாமல் செய்த ஒன்றை, பின்னால் வந்தவர்கள் பெரிய கலைத் திட்டம் போல ஜோடித்துவிட்டார்களா, நாமும் அதற்குத் தலையாட்டத்தான் வேண்டுமா என்பதே கேள்வி. நியாயமான சந்தேகம். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். நான் இசை வரலாற்று ஆய்வாளன் இல்லை, ஜெர்மன் மொழியும் தெரியாது. பதினேழு வயதில் திருச்சியில் ஒரு கேசட் ரெக்கார்டிங் சென்டரில் உதவியாளாகச் சேர்ந்து, அப்புறம் ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவன். ஆகவே நாடா, தட்டு, வேகம், சுருதி பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஜெர்மன் சமூகம், அரசியல் என்று போனால் என்னை நம்ப வேண்டாம்.

முதலில் பெயர். ஜெர்மன் மொழியில் ‘நோய்’ என்றால் புதிது. நம் காதுக்கு அது வியாதியாக விழுவது அவர்கள் குற்றமில்லை. ஆனால் அந்த ஆச்சரியக்குறி முக்கியம். சோப்பு டப்பாவிலும் பற்பசை உறையிலும் மூலையில் பெரிதாக “புதியது!” என்று போடுவார்களே, அதுதான் இந்தப் பெயர். குழு இருந்த டுசெல்டார்ஃப், ஜெர்மனியில் விளம்பரத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். டிரம்ஸ் வாசித்த கிளாவுஸ் டிங்கர் விளம்பரத்தில் அந்த ஒரு சொல்லுக்கு இருக்கும் வலிமையைப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். முதல் ஆல்பத்தின் உறை வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் அந்தச் சொல், அவ்வளவே. இரண்டாவது ஆல்பத்தின் உறையையும் கொஞ்சம் பாருங்கள். அதே உறை. அதன்மேல் ஸ்பிரே பெயின்டால் இளஞ்சிவப்பில் ஒரு ‘2’. உள்ளே இருப்பதைக் கேட்பதற்கு முன்பே, பழையதன்மேல் வண்ணம் அடித்துப் புதியது என்று விற்கிறோம் என்று உறையிலேயே சொல்லிவிட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

குழு என்று சொன்னாலும் இரண்டே பேர்தான். டிங்கர் ஒருவர், கிடார் வாசித்த மிக்கேல் ரோட்டர் இன்னொருவர். 1971-ல் இருவரும் கிராஃப்ட்வெர்க் குழுவில் இருந்தார்கள். பின்னாளில் மின்னணு இசைக்கே மறுபெயராகிவிட்ட அதே கிராஃப்ட்வெர்க். அதன் நிறுவனர்களில் ஒருவரான ரால்ஃப் ஹ்யூட்டர் சில மாதங்கள் விலகியிருந்த நேரம் அது. இன்னொரு நிறுவனர் ஃப்ளோரியன் ஷ்னைடருடன் ரோட்டரும் டிங்கரும் சேர்ந்து மூவராக மேடையேறினார்கள். அது நிலைக்கவில்லை. பிரிந்து வந்த இருவரும் அந்த வருட டிசம்பரில் ஹாம்பர்கில் ஒரு ஸ்டுடியோவை நான்கு இரவுகளுக்கு எடுத்து முதல் ஆல்பத்தை முடித்தார்கள். ஒலிப்பதிவாளர் கோனி பிளாங்க். அவரை மூன்றாவது உறுப்பினர் என்றே சொல்லலாம். என் தொழிலில் இருப்பவர்கள் கும்பிட வேண்டிய ஆள். இவர்கள் இருவரும் போனபின் கிராஃப்ட்வெர்க்குக்கு டிரம்ஸ் வாசிக்க ஆளில்லை. அதனால் அவர்கள் தங்கள் இரண்டாவது ஆல்பத்தில் ரிதம் மெஷினைத் தட்டிவிட்டு வாசித்தார்கள். அதில் முதல் பக்கத்தை ஏறக்குறைய முழுவதும் பிடித்துக்கொள்ளும் ‘கிளிங்கிளாங்’ பாட்டில் அந்த மெஷினின் வேகம் ஏறி இறங்குவதைக் கேட்கலாம். ஒரே வீட்டிலிருந்து பிரிந்த இரண்டு பங்காளிகளின் இரண்டாவது ஆல்பத்திலும் வேகத்தோடு விளையாட்டு இருக்கிறது. தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்த ஊரில் அந்தக் காலத்தில் இந்த யோசனை காற்றில் இருந்தது என்பதற்கு எனக்கு இது போதும்.

இப்போது ‘நோய்! 2’. 1973 தொடக்கத்தில் மறுபடி ஹாம்பர்க், மறுபடி பிளாங்க். ‘பிரெயின்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக. முதல் பாட்டு ‘ஃபூர் இம்மர்’. என்றென்றும் என்று பொருள். பதினோரு நிமிடம். டிங்கரின் அந்தப் புகழ்பெற்ற அடியை இங்கே கேட்கலாம். நாலு எண்ணிக்கை, நேர்கோடு, அலங்காரம் கிடையாது, தீர்மானம் கிடையாது, முத்தாய்ப்பு கிடையாது. பத்திரிகைக்காரர்கள் இதற்கு ‘மோட்டோரிக்’ என்று பெயர் வைத்தார்கள். டிங்கருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. இயந்திரம் மாதிரி என்று சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? ‘நீண்ட நேர்ச்சாலை’ என்ற பொருளில் அவர் வேறு பெயர் சொல்லிப் பார்த்தார். உலகம் மோட்டோரிக்கிலேயே நின்றுவிட்டது. அவர் சொன்னதுதான் பொருத்தம் என்பேன். விழுப்புரம் தாண்டி நாற்கர சாலையில் இரவில் ஓட்டியிருந்தால் தெரியும். வண்டி நிற்பது போலவும் சாலை நம்மை நோக்கி ஓடிவருவது போலவும் ஒரு கட்டத்தில் தோன்றும். ‘ஃபூர் இம்மர்’ அந்தக் கட்டத்திலேயே பதினோரு நிமிடம் இருக்கிறது. மேலே ரோட்டரின் கிடார் அடுக்கடுக்காக வந்து போகிறது. ரோட்டர் சிறுவனாகச் சில ஆண்டுகள் கராச்சியில் வளர்ந்தவர். அங்கே கேட்ட, முதலும் முடிவும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும் இசை தன்னைப் பாதித்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இங்கே அவர் ராகம் எதையும் எடுத்து வாசிக்கவில்லை. ஸ்வரம் மாற வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரே ஆதார சுருதியில் நிற்கும் துணிச்சல்தான் அங்கிருந்து வந்தது என்று என் காதுக்குப் படுகிறது.

இடையில் ஒரு சின்ன விஷயம். டிங்கர் வாசித்த கருவிகளில் ‘ஜப்பான் பாஞ்சோ’ என்று ஒன்று உண்டு. அது நமக்குத் தெரியாத கருவி இல்லை. ஜப்பானில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான தாய்ஷோகோட்டோ அது. தட்டச்சுப் பொறி போலப் பொத்தான்களை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் கம்பியை மீட்ட வேண்டும். கப்பலேறி இந்தியாவுக்கு வந்து நம்மிடம் புல்புல்தாரா ஆனதும் அதே கருவிதான். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் புல்புல்தாரா துருப்பிடித்துக் கிடந்தால், ஒரு டுசெல்டார்ஃப் ஆசாமி அதை வைத்து என்ன செய்தார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்தின் இரண்டாவது பாட்டு ‘ஷ்பிட்ஸன்குவாலிட்டேட்’. உச்சத் தரம் என்று பொருள். இதுவும் விளம்பர வாசகம்தான். ஏறக்குறைய டிரம்ஸ் மட்டும். அது போகப் போக மெதுவாகிக்கொண்டே வந்து களைத்துச் சரிகிறது. அடுத்தது காற்றின் ஓசையும் மணியொலியுமாக ஓர் அஞ்சலி நிமிடம். அதற்கடுத்து ‘லீலா எங்கெல்’, ஊதாத் தேவதை. டிங்கர் சொல்லில்லாமல் உறுமுகிறார். நண்பர்கள் பலரும் முதல் பக்கத்தைப் பற்றிப் பேசும்போது ‘ஃபூர் இம்மர்’ஐ மட்டும் சொல்லிவிட்டு மற்ற மூன்றையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால்தான் இரண்டாம் பக்கம் வானத்திலிருந்து குதித்தது போலத் தெரிகிறது. டிரம்ஸின் வேகத்தையே கதையாக வைத்து ஒரு பாட்டை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அது பணம் தீர்ந்தபின் செய்தது இல்லை.

இரண்டாம் பக்கத்தில் நடந்தது என்ன? 1972-ல் குழு ஒரு சிங்கிள் வெளியிட்டிருந்தது. ஒரு பக்கம் ‘ஸூப்பர்’. பொருள் சொல்லத் தேவையில்லை, நாம் தினமும் பத்துத் தடவை சொல்லும் அதே சூப்பர்தான். மறுபக்கம் ‘நோய்ஷ்னே’, புதுப்பனி. அந்தப் பெயருக்குள்ளேயே குழுவின் பெயரும் இருக்கிறது. இந்த இரண்டும் அசல் வேகத்தில் ஆல்பத்திலும் உண்டு. அவற்றைச் சுற்றி ‘நோய்ஷ்னே 78’, ‘ஸூப்பர் 16’, ‘ஸூப்பர் 78’ என்று மூன்று வேக மாற்றங்கள். கூடவே ‘கசெட்டோ’, ‘ஹலோ எக்ஸென்ட்ரிகோ!’ என்று இரண்டு சேட்டைகள். இதில் சந்தேகம் இல்லாத பகுதி, ஸ்டுடியோவுக்கான பணமும் நேரமும் தீர்ந்துவிட்டது, கையில் ஒரு பக்கத்துக்கான இசைதான் இருந்தது என்பது. ரோட்டர் இதைப் பல பேட்டிகளில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். வாங்கியவர்கள் பலர் தங்களைக் கேலி செய்துவிட்டதாக நினைத்தார்கள் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆக நண்பரே, உங்கள் கோபத்துக்கு ஐம்பது வருட வரலாறு உண்டு. டிங்கரோ, இது தன்னுடைய யோசனை, விளம்பரத்தையும் கடைச்சரக்கையும் கலையாக்கும் பாப் ஆர்ட் பாணியில் தெரிந்தே எடுத்த முடிவு என்று உரிமை கொண்டாடினார். இருவருக்கும் பின்னாளில் சுமுகம் இல்லை என்பதால், ஒருவர் சொல்வதை வைத்து இன்னொருவரைப் பொய்யர் ஆக்க எனக்கு மனமில்லை. டிங்கர் 2008-ல் இறந்துவிட்டார். யோசனை முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்பதில் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது. எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. அரிசி தீர்ந்த நாளில்தான் நம் வீடுகளில் புதுச் சமையல் பிறக்கிறது. ஆனால் சமைக்கத் தெரிந்தவர் வீட்டில் மட்டும்.

78, 16 என்ற எண்களைப் பற்றி இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ரெக்கார்டு பிளேயர்களில் நான்கு வேகங்கள் இருக்கும். நிமிடத்துக்கு 16, 33, 45, 78 சுற்றுகள். பழைய அரக்குத் தட்டுகளுக்கு 78. நீண்ட ஆல்பங்களுக்கு 33. சிறிய சிங்கிளுக்கு 45. பேச்சுப் பதிவுகளுக்கு 16. அந்த 16-ஐ யாரும் தொட்டதே இல்லை, குழந்தைகளைத் தவிர. ரெக்கார்டு பிளேயர் இருந்த வீடுகளில் பிறந்த எந்தப் பிள்ளையும் அப்பா இல்லாத நேரத்தில் அந்தக் குமிழைத் திருகி, பாகவதரைப் பேயாகவும் பொம்மையாகவும் மாற்றிச் சிரித்திருக்கும். இவர்கள் செய்ததும் அதேதான். 45-ல் ஓட வேண்டிய தங்கள் சிங்கிளை டர்ன்டேபிளில் வைத்து, 78-க்கும் 16-க்கும் குமிழைத் திருப்பிப் பதிவு செய்தார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், இது எனக்குப் பிடித்த பகுதி. 78-ஐ 45-ஆல் வகுத்தால் 1.73. வேகம் அவ்வளவு மடங்கு கூடும்போது சுருதியும் கூடவே ஏறும். ஸட்ஜத்தில் இருந்த ஒலி, அதே ஸ்தாயியில் சதுஸ்ருதி தைவதத்துக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவில் போய் உட்காரும். எந்த ஸ்வரத்திலும் இல்லாத அந்தரத்தில். நான்கு நிமிடப் பாட்டு இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மெதுவாகப் போனால் கதை இன்னும் மோசம். 16 என்று போட்டிருந்தாலும் உண்மையான வேகம் பதினாறே முக்கால் காணாது, 16.67. அதை 45-ஆல் வகுத்தால் 0.37. ஸட்ஜம் ஒரு ஸ்தாயியைத் தாண்டி இறங்கி அனுமந்திர பஞ்சமத்துக்குப் பக்கத்தில் விழும். மூன்று நிமிடச் சொச்சம் ஓடும் ‘ஸூப்பர்’ இந்த வேகத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும். ஆனால் ஆல்பத்தில் ‘ஸூப்பர் 16’ நான்கு நிமிடம்கூட இல்லை. இதைக் கவனித்தீர்களா? நேரத்தை நிரப்புவது ஒன்றே நோக்கம் என்றால் எட்டு நிமிடத்தையும் அப்படியே போட்டிருக்கலாம். பாதி வேலை முடிந்திருக்கும். அவர்கள் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எங்கே நிறுத்துவது என்று ஒருவர் காதால் முடிவு செய்திருக்கிறார். நான் இதை ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

‘ஸூப்பர் 16’ ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. 10,000 ஹெர்ட்ஸில் சிணுங்கிய ஹைஹாட் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தாளத்தட்டு) ஒலி 3,700-க்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேலே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, இருட்டு. கிடாரின் நடுப்பகுதி அடித்தளத்துக்கு வந்துவிடுகிறது. டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் தன் வால் முழுவதையும் காட்டிக்கொண்டு விழுகிறது. கத்தல்கள் மிருகத்தின் உறுமலாகின்றன. எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தாது. நம் சினிமாப் பாட்டு ஒன்றை இப்படி மெதுவாக்கினால் மெட்டு சிதறிவிடும், கேட்கச் சகிக்காது. ஸ்வரங்களுக்கு இடையே நாம் எதிர்பார்க்கும் தூரம் நீண்டு, வரி எங்கே போகிறது என்றே தெரியாது. ‘ஸூப்பர்’ பாட்டில் சிதறுவதற்கு மெட்டே இல்லை. ஒரே அடி, ஒரே சுருதி, ஒரே வெறி. எந்த வேகத்தில் ஓடினாலும் அது அதுவாகவே இருக்கும், அளவு மட்டும் மாறும். இந்தக் குழுவின் இசை இந்த ஆபரேஷனைத் தாங்கியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வேறு ஒரு குழு, அதே பணமுடையில், இதே வேலையைச் செய்திருந்தால் இன்று யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

பின்கதையும் உண்டு. 1976-ல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்’ என்ற குங்ஃபூ படத்தில், தலையைக் கொய்யும் ஆயுதத்தோடு வரும் கண் தெரியாத கொலைகாரருக்கு இந்த ‘ஸூப்பர் 16’தான் பின்னணி இசை. அவர் நடந்து வரும்போது அந்த இசை வருவதைப் பார்த்தால், அதற்கென்றே போட்டது என்று சத்தியம் செய்வீர்கள். பல வருடம் கழித்து, 2003-ல், ‘கில் பில்’ முதல் பாகத்திலும் இது ஒலித்தது. நிரப்புச் சரக்கு என்று திட்டு வாங்கிய ஒரு துண்டு உலகம் சுற்றி வந்த கதை இது. இதனாலேயே அது உயர்ந்தது என்று ஆகிவிடாது. ஆனால் இரண்டு திரைப்படங்களின் காதுகள் அதில் எதையோ கேட்டிருக்கின்றன.

மற்றவற்றைப் பற்றி என் தனிப்பட்ட மதிப்பீடு, இதில் நீங்கள் சண்டைக்கு வரலாம். ‘நோய்ஷ்னே 78’ ஒரு ஜோக். ஒருமுறை சிரிக்கலாம், இரண்டாம் முறை சிரிப்பு வராது. ‘ஸூப்பர் 78’ அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, சின்னதாக முடிந்துவிடுகிறது. ‘ஹலோ எக்ஸென்ட்ரிகோ!’வில் சுருதி குடிகாரன் நடை போலத் தள்ளாடுகிறது. தட்டின் துளை சரியாக நடுவில் இல்லாவிட்டால் இப்படித்தான் ஒலிக்கும். தொழில்நுட்ப மொழியில் மையம் விலகிய சுழற்சிக்கும் ‘எக்ஸென்ட்ரிக்’ என்ற அதே சொல்தான். தலைப்பு அந்தக் குறிப்பைத்தான் தருகிறது என்பது என் ஊகம். விரலால் தட்டைப் பிடித்து இழுத்த மாதிரியும் இருக்கிறது. ‘கசெட்டோ’ எனக்குப் பிடிக்கவில்லை. கேசட் பிளேயரைப் போட்டு வதைத்த சத்தம் அது. முப்பது வருடம் அந்தச் சத்தத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டவனுக்கு அதில் என்ன புதுமை இருக்கப்போகிறது.

அந்தச் சத்தத்தோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த ரெக்கார்டிங் சென்டருக்கு ஒருவர் ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். ஊர்த் திருவிழாவில் அவர் அண்ணன் வாசித்த நாகஸ்வரம். கையடக்க டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருக்கிறார். பதிவின்போது பேட்டரி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பேட்டரி இறங்கினால் மோட்டார் மெதுவாகும். மெதுவாக ஓடிய நாடாவைப் பின்னால் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் வேகமாகக் கேட்கும். கல்யாணி ராகம் போகப் போக ஏறி, கடைசியில் நாகஸ்வரம் பீப்பீ ஆகிவிட்டது. எங்கள் முதலாளி டெக்கைத் திறந்து, மோட்டாரின் முதுகில் இருக்கும் சின்னத் துளைக்குள் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை விட்டு, உள்ளே இருக்கும் திருகைப் பாட்டு ஓட ஓட நூல் நூலாகத் திருப்பிக்கொண்டே இன்னொரு டெக்கில் பதிவு செய்தார். தம்பூராப் பெட்டியை ஒரு காதில் வைத்துக்கொண்டு. நாற்பது நிமிடம் அசையவில்லை. அன்றுதான் தெரிந்தது, வேகம் என்பதும் வாசிக்க வேண்டிய ஒரு வாத்தியம் என்று. பல வருடம் கழித்து ‘நோய்! 2’ என் கைக்கு வந்தபோது எனக்கு இரண்டாம் பக்கம் கோபம் தரவில்லை. எங்கள் முதலாளி சரிசெய்யப் பாடுபட்டதை இவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள் என்று தோன்றியது. ஆகவே என் காது நடுநிலையான காது இல்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம், இந்த ஆல்பத்தின் ரசிகர்கள் செய்யும் மிகையையும் சொல்ல வேண்டும். “உலகின் முதல் ரீமிக்ஸ் இதுதான்” என்று அடிக்கடி எழுதுகிறார்கள். ஒப்புக்கொள்ள முடியாது. ஜமைக்காவில் 1960களின் கடைசியிலிருந்தே சிங்கிளின் மறுபக்கத்தில் அதே பாட்டின் குரல் நீக்கிய ‘வெர்ஷன்’ போடுவது வழக்கமாகிவிட்டது. அங்கிருந்துதான் டப் இசை பிறந்தது. தட்டின் வேகத்தை மாற்றி இசை செய்வதற்கும் முன்னோடிகள் உண்டு. பாரிஸில் பியர் ஷேஃபர் 1948-லேயே ரயில் சத்தத்தைத் தட்டில் பிடித்து இசையமைத்தவர். டுசெல்டார்ஃபுக்குப் பக்கத்து ஊரான கொலோனில் வானொலி நிலையத்தின் மின்னணு இசைக்கூடம் 1950களிலிருந்தே இயங்கியது. இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் அங்கேதான் நாடாவோடு வித்தை காட்டினார். ‘நோய்!’ செய்தது வேறு. ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்ததை, கடையில் விற்கும் ஒரு ராக் ஆல்பத்தில், வீட்டு ரெக்கார்டு பிளேயரின் குமிழை வைத்து, வெட்கப்படாமல் செய்தார்கள். மறைக்கவும் இல்லை. பாட்டின் பெயரிலேயே 78, 16 என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஏமாற்றுகிறவன் பில்லில் உண்மையை எழுதித் தருவதில்லை. வேறு பெயர் வைத்துப் புதுப் பாட்டு என்று விற்றிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் திட்டுவேன்.

முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன உறையை இப்போது எடுங்கள். புதியது! உச்சத் தரம். சூப்பர். பெயர்கள் எல்லாம் கடைத்தெருக் கூவல். பழைய உறையின்மேல் ஒரு ‘2’. உள்ளே ஒரே சரக்கு மூன்று அளவில். ஆண்டி வார்ஹோல் ஒரே முகத்தைப் பல வண்ணத்தில் அச்சடித்து வரிசையாக மாட்டியதை அந்தத் தலைமுறை நன்றாக அறியும். டிங்கர் பாப் ஆர்ட் என்று சொன்னது பின்னால் கட்டிய கதை மட்டும் என்று என்னால் தள்ள முடியாததற்கு இந்தப் பெயர்களும் உறையும் முதல் பக்கத்து மெதுவாகும் டிரம்ஸும்தான் காரணம். பணம் தீராமல் இருந்திருந்தால் இந்தப் பக்கம் இப்படி வந்திருக்காது, அது நிச்சயம். ரோட்டர் இன்னொரு ‘ஃபூர் இம்மர்’ செய்திருப்பார் என்று நினைக்கிறேன், அது இதைவிட நல்ல ஆல்பமாகக்கூட இருந்திருக்கலாம். முழு ஆல்பமாகப் பார்த்தால் 1975-ல் வந்த மூன்றாவதுதான் அவர்களின் சிறந்த படைப்பு என்பது என் எண்ணம். ‘2’ அப்படி இல்லை. பாதி உச்சம், கால் ஜோக், கால் உளறல். இந்த விகிதத்தோடு அதை ஏற்றுக்கொண்டால் மேதைமை என்ற சொல்லும் வேண்டாம், ஏமாற்று என்ற சொல்லும் வேண்டாம்.

வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த ஆல்பங்கள் பல வருடம் முறையான சிடியாக வரவே இல்லை. இருவரும் ஒத்துப்போகாததே முக்கியக் காரணம். 1990களில் திருட்டுப் பதிப்புகள்தான் சுற்றின. 2001-ல் ஜெர்மன் பாடகர் ஹெர்பர்ட் க்ரோனமெயரின் கிரோன்லண்ட் நிறுவனம் முறையாக வெளியிட்டது. அதற்குப் பிறகு வந்த எந்தப் பதிப்பும் போதும். அசல் பிரெயின் தட்டுக்கு யாராவது உங்களிடம் ஒரு மாதச் சம்பளம் கேட்டால் மரியாதையாக நகர்ந்துவிடுங்கள். போனில் கேட்பதானால் ஷஃபிளை அணைத்துவிட்டு இரண்டாம் பக்கத்தை வரிசையாக, இடையில் நிறுத்தாமல் ஒரே துண்டாகக் கேளுங்கள். ‘ஸூப்பர்’ அசல் வேகத்தில் கடைசியாகத்தான் வரும். அதற்கு முன் அதன் நிழல்களைக் கேட்டுவிட்டிருப்பீர்கள் என்பதால், அசல் வரும்போது அதுவும் இன்னொரு வேக மாற்றம் போலவே ஒலிக்கும். எனக்கு இன்றும் அந்த இடத்தில் ஒரு நொடி எது சரியான வேகம் என்று குழப்பம் வரும்.

கடைசியாக, யூடியூபில் 1.75 வைத்தால் இதே வருமா என்று கேட்டீர்கள். வராது. அந்தச் செயலிகள் வேகத்தைக் கூட்டும்போது சுருதி ஏறாமல் பிடித்துக்கொள்ளும், பேச்சு புரிய வேண்டும் என்பதற்காக. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி நெருக்கி ஒட்டுகிறது. டர்ன்டேபிளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, வேகமும் சுருதியும் ஒரே கயிற்றில் கட்டியவை. செய்து பார்க்க ஆசையிருந்தால் ஒலி எடிட்டிங் மென்பொருள் ஒன்றில் ‘நோய்ஷ்னே’யைத் திறந்து, சுருதியும் சேர்ந்து மாறும் வேகக் கட்டளையைத் தேர்ந்தெடுத்து 1.733 என்று கொடுங்கள். ‘நோய்ஷ்னே 78’ கிட்டத்தட்ட அப்படியே வந்துவிடும். அப்புறம் உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை எடுத்து 0.37 கொடுத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று இங்கேயே வந்து எழுதுங்கள்.